மூன்று தடவை பிடித்த பேன்ட்

தம்பி,

தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். சாவி செருப்பு அலமாரியின் மேல் தட்டில். சோறும் பருப்பும் இரண்டு முட்டையும் மேசையில் மூடி வைத்திருக்கிறேன். சோற்றுக்குப் பதிலாக நீ தின்னும் வெள்ளரிக்காயைத் தேடாதே, எல்லாவற்றையும் கடைக்கு எடுத்துப் போகிறேன்.

உன் கல்யாண பேன்ட்டின் இடுப்பை நேற்று மூன்றாவது தடவையாகப் பிடித்துத் தைத்தேன். நாற்பது நாளில் பதினான்கு கிலோ குறைத்திருக்கிறாய். நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, அவருக்கு ஏதாவது வியாதியா? மறைக்காம சொல்லுங்க" என்கிறாள்.

குளியலறை வாளி தானாக உடைந்தது என்றாய். முழங்கைச் சிராய்ப்பும் தானாக வந்ததா? மயங்கி விழுந்ததை யாரிடம் மறைக்கிறாய்? உன்னை வாராவாரம் அளவெடுப்பவள் நான்.

கீழ்வீட்டு நர்ஸிடம் கேட்டேன். "வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினா ஒரு கிலோ. பட்டினி கிடந்து ஓடினா கொழுப்போட சேர்ந்து சதையும் கரையும். பித்தப்பையில கல்லுகூட வரலாம்" என்றாள். ராத்திரி இதைச் சொன்னதற்குத்தான் நீ "உனக்குப் பொறாமை" என்றாய். பொறாமைதான். எனக்கு மயங்கி விழக்கூட நேரம் கிடைப்பதில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு டாக்டரிடம் உன் பேரைக் கொடுத்திருக்கிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிறவளும் வருகிறாள். சாப்பிட்டுவிட்டுப் போ.

அக்கா

பி.கு: படிக்கட்டில் ஓடாதே. லிஃப்ட் வேலை செய்கிறது.

இன்னொன்று, ஓரத்தில் எழுதுகிறேன், தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் படி: மூன்று தடவையும் துணியை உள்ளே மடித்துத்தான் தைத்தேன். கத்தரியை எடுக்கவே இல்லை. உன் உடம்பு பழையபடி தேறினால் பிரித்துவிட எனக்குப் பத்து நிமிடம் போதும்.