நாடா வைத்த பனெக்

அக்டோபர் 5, செவ்வாய்

கரைப்பூ போடும் நூல் சிக்கிக்கொண்டு காலை முழுக்க வீண். சிக்கெடுத்தபடியே வேலிக்கு அப்பால் பார்த்தால், குலேஷ்வரின் கொல்லையில் ஒரே மூங்கிலில் அவர் வெள்ளை வேட்டியும், ஒட்டினாற்போல் இரண்டு பனெக்கும் காய்கின்றன. ஒரே மூங்கிலில்! பெண்கள் இடுப்பில் சுற்றுகிற துணியோடு ஆண்கள் துணியை எங்கள் தெருவில் யார் சேர்த்துப் போடுகிறார்கள்? என் வீட்டுக்காரர் இபோஹல், என் பனெக் காயும் கொடிக்குக் கீழே குனிந்துகூடப் போகமாட்டார். வைக்கோல்போரைச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

குலேஷ்வர் குடிவந்து ஒன்றரை மாதம் ஆகிறது. கோயில் மண்டபங்களில் புங் மேளம் வாசிக்கிறவர், சுத்தபத்தமான மனிதர். கல்யாணம் ஆகவில்லை, தனி ஆள் என்றார்கள்.

அப்படியானால் அந்த பனெக்குகள் யாருடையவை?

அக்டோபர் 6

இன்றைக்கு மூன்று.

அக்டோபர் 9, சனி

குளத்தடியில் எல்லோருக்கும் இதே பேச்சு. பெண்கள் சங்கத் தலைவி இமா சகி துணியை அடித்துக்கொண்டே சொன்னாள்: “எவளையோ கொண்டாந்து அடைச்சு வெச்சிருக்கான். அவ இஷ்டப்பட்டுத்தான் இருக்காளா? அதையாவது கேக்க வேணாமா? வர்ற ஞாயித்துக்கிழமை இல்ல, அடுத்த ஞாயிறு எல்லாரும் போவோம். லெம்பி, நீதான் வேலியோரம் இருக்க. ஒரு கண்ணு வெச்சுக்க.”

“எனக்கு வேற வேலை இல்லையா இமா?” என்றேன். நான்கு நாளாக வேறு வேலை பார்க்கவில்லை என்பது எனக்குத்தானே தெரியும்.

அக்டோபர் 12, செவ்வாய்

மதியம் அடித்த காற்றில் ஒரு பனெக் வேலி தாண்டி என் கீரைப்பாத்தியில் விழுந்தது. எடுத்து உதறினேன். உதறியதோடு விட்டேனா? உள்ளே கொண்டுபோய் விரித்துப் பார்த்தேன்.

இருபத்திரண்டு வருஷமாக பனெக்குக்குக் கரைப்பூ போடுகிறேன். பழைய பனெக் ஒன்றைக் கையில் கொடுத்தால் கட்டியவள் யாரென்று ஓரளவு சொல்லிவிடுவேன். தறியில் உட்காருகிறவளுக்கு உட்காருமிடம் தேயும். சந்தைக்கு நடப்பவளுக்குக் கீழ்க்கரை நையும். யாராக இருந்தாலும் இடுப்பில் செருகும் இடத்தில் மடிப்பு விழுந்தே தீரும்.

இதில் மடிப்பே இல்லை. கீழ்க்கரை புதுசுபோல இருக்கிறது. முதுகுப்பக்கம் மட்டும் பாயில் உரசி உரசி இழை எழும்பியிருக்கிறது. அகலத்தைப் பாதியாக வெட்டி, இரண்டு ஓரத்திலும் நாடா தைத்திருக்கிறது. தையலோ கோணல்மாணல், ஊசி பிடித்துப் பழகாத கை.

நிற்காதவள். நடக்காதவள். படுத்தே கிடப்பவள்.

வேலியோரம் போய்க் கூப்பிட்டேன். குலேஷ்வர் வந்தார். துணியைப் பார்த்ததும் கை நீட்டினார், சட்டென்று இழுத்துக்கொண்டார். “வேலி மேல போட்டுடுங்க இச்சே,” என்றார், அக்கா என்கிற மரியாதையோடு.

“நாடாவை நீங்களா தைச்சீங்க?”

முகம் வெளுத்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார். தங்கச்சி பெம்பெம். மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ் கவிழ்ந்து முதுகெலும்பு போயிற்று. புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். “பொம்பளத் துணி துவைக்கிற கைன்னு தெரிஞ்சா மேளத்தைத் தொட விடுவாங்களா? அதுகூடப் பரவால்ல இச்சே. பழைய தெருவுல சிரிச்சாங்க. அது இவ காதுல விழுந்து ரெண்டு நாள் சோறு தொடல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை?

அக்டோபர் 14

சாப்பிடும்போது இபோஹலிடம் கேட்டேன்: “நான் படுத்த படுக்கையாயிட்டா என் பனெக்கை யாருங்க துவைப்பா?”

“உன் தங்கச்சி வருவா.”

“அவ வரலேன்னா?”

“எரொம்பால இன்னிக்கு மிளகாய் ஜாஸ்தி,” என்றார். அவ்வளவுதான் பதில்.

அக்டோபர் 17, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பதினோரு பேர் போனோம். குலேஷ்வர் முற்றத்தில் நின்றார். “உள்ள இருக்கிற பொம்பள யாருப்பா?” என்று இமா சகி கேட்டாள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நீ சொல்லித்தான் வந்தார்களா என்கிற பார்வை. ஐயோ, நான் சொல்லலையே! ஆனா வராதீங்கன்னும் நான் சொல்லலையே. ஏன் சொல்லல?

அதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல். “கதவு தெறந்துதான் இருக்கு. வந்து பாத்துட்டுப் போங்க. நான் எந்திரிச்சு வர மாட்டேன், மரியாதை தெரியாதவள்னு நினைக்காதீங்க.”

போனோம். ஜன்னலோரம் கட்டில். தலையைப் படிய வாரிப் பின்னி, நெற்றியில் சந்தனக்கோடு இட்டு, துவைத்து மடிப்புக் கலையாத இன்னபியைத் தோளில் போர்த்திக்கொண்டு அவள் கிடந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இமா சகி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது பின்னாலிருந்து ஒருத்தி: “அப்ப துணியெல்லாம் யாரு துவைக்கிறா?”

பெம்பெம் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான்தான்,” என்றேன். “நான்தான் துவைக்கிறேன். வேலியைத் தாண்டி வந்து காயப்போட்டுட்டுப் போறேன்.”

எப்படி வாயில் வந்தது? தெரியவில்லை. “அட திருடி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு!” என்று இமா சகி என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அக்டோபர் 18

பொய் சொல்லியாயிற்று. இனி அதை உண்மையாக்க வேண்டும். காலையில் போய்த் துணியை வாங்கி வந்தேன்.

அக்டோபர் 23, சனி

பெம்பெம்முக்கு என்மேல் கோபம். “உங்க தயவு எனக்கு எதுக்கு?” என்றாள். ஐந்து நாளாக இதேதான். இன்றைக்கு வேறு சொன்னாள்: “அதோட, நீங்க சரியாப் பிழியல. ஈரவாடை வருது. அண்ணன் நல்லாப் பிழிவான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வாசலில் நின்ற குலேஷ்வர் திரும்பிக்கொண்டார்.

அவர் துவைப்பார், நான் காயப்போடுவேன் என்று முடிவு.

நவம்பர் 3, புதன்

பெம்பெம்முக்கு நானே புதுசாக ஒரு பனெக் தைக்கிறேன். நாடாவை ஓரத்தில் வைத்தால் இடுப்பெலும்பில் முடிச்சு அழுந்துகிறதாம். நான்கு விரல் தள்ளி வைக்கச் சொன்னாள். முன்பக்கம் மட்டும் கரைப்பூ போதும், முதுகுப்பக்கம் பூ குத்துகிறதாம். இத்தனை வருஷம் பனெக் வேலை பார்த்தும், படுத்துக்கொண்டு கட்டினால் எப்படியிருக்கும் என்று நான் யோசித்ததேயில்லை. எத்தனை கேட்டாலும் இன்னும் கேட்க இருக்கிறது. “நீங்க துணியைப் பத்திக் கேக்குறீங்களா, என்னைப் பத்தியா?” என்றாள். இரண்டும்தான்.

நவம்பர் 19, வெள்ளி

இமா சகி தனியாக வந்தாள். உட்காரவில்லை. “அந்த நாடா வெச்சது… எனக்கு நாலு வேணும். என் அக்காவுக்கு. மாடில இருக்கா. அஞ்சு வருஷமாச்சு.”

அவளுக்கு ஓர் அக்கா இருப்பதே எனக்குத் தெரியாது.

டிசம்பர் 2

இமா சகி மூலமாக இன்னும் மூன்று வீடு. பெம்பெம் படுத்தபடியே அளவு சொல்கிறாள், நான் வெட்டித் தைக்கிறேன். குலேஷ்வருக்கு இந்த வாரம் இரண்டு மண்டபத்தில் வாசிப்பு.

டிசம்பர் 11, சனி

மதியம் வாசலில் ஒரு மனிதர் சைக்கிளோடு நின்றார். ஐம்பதைத் தாண்டியவர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தெருவாம். இதற்கு முன் பார்த்ததில்லை. “படுத்திருக்கறவங்களுக்குத் தைக்கிறது இங்கதானாமே,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அடர்சிவப்பில் இரண்டு கொடுத்தேன். காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டார். சைக்கிளைத் திருப்பியவர் நின்றார்.

“வெந்நீர்ல போட்டா சாயம் போகுமா?”

கேட்டுவிட்டு அவசரமாக, “வீட்ல கேட்டுட்டு வரச் சொன்னாங்க,” என்றார்.

வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை நாளாக என்றெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

“முதல் தடவை பச்சைத் தண்ணியில, கொஞ்சம் உப்புப் போட்டுத் தனியா அலசிடுங்க,” என்றேன். “அப்புறம் வெந்நீர்ல போடலாம். ரொம்ப முறுக்கிப் பிழியாதீங்க, நாடா சுருண்டுக்கும்.”

“உப்பு,” என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.