குருத்தோலை சிக்கிய ஆர்மோனியம்

உன் மகள் ஷீலா என் கையில் கொடுத்த இசைத்தட்டின் அட்டையில் ஊதாவும் மஞ்சளுமாகக் காளான்கள் முளைத்திருக்கின்றன. காளான்! நாம் வளர்ந்த லிங்கராஜபுரத்தில் மழை விட்டதும் சாக்கடையோரம் முளைக்கும், உன் அம்மா விளக்குமாற்றால் தட்டிவிடுவார்கள். அதற்கு மேல் காளானோடு நமக்கு என்ன உறவு இருந்தது? வைட்ஃபீல்டில் பதினோராவது மாடியில் இருக்கும் அவள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, புதுத் தட்டின் பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏற, அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

நம் பேண்டின் முதல் தட்டு அது. பக்கத்துக்கு ஒரு பாட்டு, மொத்தமே இரண்டு பாட்டு. யாரோ இளைஞர்கள் தேடிப் பிடித்து இப்போது மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். வெளியிட்டதோடு விட்டிருக்கலாம். சரித்திரமும் எழுதிவிட்டார்கள். முதல் பாட்டு முழுவதும் அடியில் விடாமல் ரீங்கரிக்கிறதே ஒற்றைச் சுரம், அது போதையின் உச்சத்தில் நம் கித்தார்க்காரனுக்குத் தோன்றியதாம். நடுவில் கேட்கும் பெண் குரல் ஏதோ பழைய படத்திலிருந்து வெட்டி ஒட்டியதாம். கித்தார், ஆர்மோனியம் இரண்டுக்கும் நேரே அவன் பெயர். டிரம்ஸுக்கு நேரே என் பெயர். உன் பெயர் எங்கேயும் இல்லை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எழுந்து வந்தா கேட்கப் போகிறாய்?

போதையாம்! அட்டைக் காளானும் அதற்குத்தான், தின்றால் போதை ஏறுமாம். அன்றைக்கு நாங்கள் குடித்தது ஆளுக்கு அரை டம்ளர் டீ. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய சனிக்கிழமை, ஒருசந்தி நோன்பு என்று சொல்லி நீ அதையும் தொடவில்லை.

அந்த நாளை நாம் தேர்ந்தெடுத்ததற்கே ஒரு காரணம் உண்டு. பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடி முடித்ததும் மாதா கோயில் மணியும் ஆர்மோனியமும் வாயை மூடிக்கொள்ளும். மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். சனிக்கிழமை இரவுப் பூசையில் மறுபடி மணி அடிக்கும்வரை ஆர்மோனியத்தின் மேல் துணி மூடியிருக்கும், யாரும் தொடமாட்டார்கள். நீதான் பாடகர் குழுவில் அதை வாசிப்பவள். பெட்டிச் சாவியும் உன்னிடம்தான். "ரெண்டு நாளு அது சும்மாதானே தூங்குது? சனிக்கிழமை காலைல எடுத்துட்டுப் போயி, சாயங்காலம் கொண்டாந்து வச்சுடலாம். துணிய மட்டும் அதே மாதிரி மூடணும்டா" என்றாய். திருட்டுக்கும் திட்டத்துக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும் யோசனை. யாராவது கேட்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்த்தேன். உனக்குச் சிரிப்பு.

போர்வையில் சுற்றி, ஆட்டோவில் உன் மடியில் வைத்துச் சிவாஜிநகருக்குக் கொண்டுபோனோம். ஜவுளிக்கடை மாடியில் ஓர் அறை, சுவரெல்லாம் மெத்தை தொங்கும், அதுதான் ஸ்டுடியோ. அறைக்காரர் பாய் உள்ளே நுழையும்போதே "ஜல்தி, ஜல்தி, மத்தியானம் வேற பார்ட்டி வருது" என்று விரட்டினார். ஒரு தடவை வாசித்துப் பார்க்கக்கூட விடவில்லை, டேப்பை ஓட்டிவிட்டார்.

பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டை அழுந்திப் போய் எழும்பவே இல்லை. நீ விரலை எடுத்த பிறகும் அந்தச் சுரம் தன் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது. நான் திகைத்துப் போய்க் குச்சியைத் தூக்கிவிட்டேன். நீ ஒரு கையால் துருத்தியை இன்னும் வேகமாக அடித்துக்கொண்டே, என் பக்கம் திரும்பி அடிக்குரலில் அதட்டினாய்: "நிறுத்தாத. அடி." அடித்தேன். அந்தச் சுரம் பொங்குவதும் அடங்குவதும் உன் இடது கை களைத்ததும் தேறியதும்தான். வேறு எந்த மாயமும் இல்லை.

முடிந்ததும் நீ கொண்டை ஊசியால் நோண்டி வெளியே எடுத்தாய். குருத்தோலைச் சிலுவை! அதற்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்ததை, நல்லபடி வாசிக்க வேண்டும் என்று நீயே கட்டைகளுக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாய். ஆட்டோ குலுக்கியதில் நழுவி இடுக்கில் மாட்டிக்கொண்டது. கித்தார்க்காரன் கத்தினான், "பாட்டே கெட்டுப்போச்சு, வேற டேப்பு போடுங்க!" பாய் தலையை ஆட்டிவிட்டார். தட்டுக் கம்பெனியிலிருந்து வந்தவர்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, "இதுவே இருக்கட்டும்" என்றார். அன்று கெட்டுப்போச்சு என்று கத்தியவனுக்குத்தான் இன்று அது ஞானோதயம்.

நான் அவனுக்கு போன் போட்டேன். அமெரிக்காவில் இருக்கிறான். "இத்தன வருஷம் கழிச்சு எதுக்கு மச்சான் இதெல்லாம்? அவளே கேக்கலையே" என்றான். அவளே கேட்கவில்லை! தட்டுப் போட்ட இளைஞனும் முன்பு என் வீட்டுக்கு வந்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டுதான் போனான். "சூப்பர் ஸ்டோரி அங்கிள்" என்றான். இப்போது கேட்டால், கோயில் ஆர்மோனியம், குருத்தோலை என்றெல்லாம் எழுதினால் அந்த 'மூட்' போய்விடுமாம். எவனுடைய மூடுக்காக உன்னை அழிக்க வேண்டும்?

ஆனால் அவர்களை மட்டும் திட்டினால் நீ என்னைச் சும்மா விடமாட்டாய். முதல் தட்டுக்குப் பெயர்களை எழுதிக் கொடுத்தது நான். கம்பெனி கொடுத்த பாரத்தை முழங்காலில் வைத்து எழுதும்போது நீ என் கையைப் பிடித்தாய். "என் பேரு வேணாம்டா. ஃபாதர் பாத்தா ஆர்மோனியம் எப்ப வெளிய போச்சுன்னு கேப்பாரு. அப்பா பெல்ட்டத் தூக்குவாரு." சரி என்று அந்த இடத்தைக் காலியாக விட்டேன். காலி இடத்தில் அவன் தன் பெயரை நிரப்பிக்கொண்டான்.

அதோடு முடியவில்லை. ஃபாதர் மாற்றலாகிப் போய், உன் அப்பாவும் தவறிய பிறகு, ஷீலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்று கேட்டாய். "இப்பவாச்சும் என் பேரப் போடச் சொல்லி கம்பெனிக்கு எழுதுடா." நான் சிரித்தேன். "பழைய தட்டு, இப்ப யாரு கேக்கப் போறா?" நீயும் சிரித்துவிட்டுப் போய்விட்டாய். மறுபடி கேட்கவே இல்லை. ஆக, கேட்டாய். ஒரு தடவை கேட்டாய், என்னிடம். போனில் அவனுக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஷீலாவிடம் எல்லாம் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டாள், நம்பவில்லை. "அங்கிள், மம்மி சர்ச்ல பாடற ஹிம்ஸ் தவிர எதையும் வாசிச்சு நான் பாத்ததே இல்ல. நீங்க வேற யாரையோ நெனச்சுட்டுச் சொல்றீங்களோ?" எனக்கு வயதாகிவிட்டது என்று அவள் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. "போடும்மா, கேப்போம்" என்றேன்.

தட்டு சுற்றியது. சுரம் மாட்டிக்கொண்டது. என் டிரம்ஸ் தடுமாறியது. அந்த இடத்தில், மெத்தை தொங்கும் அறையிலிருந்து, இருபத்திரண்டு வயது நீ அதட்டினாய்.

ஷீலா முள்ளைத் தூக்கிப் பின்னால் வைத்தாள். மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை வைக்கும்போது முள் கீறிவிட்டது.

"சைக்கிள் கத்துக்குடுக்கும்போது பின்னாடியே ஓடி வருவாங்க" என்றாள். "நான் பயந்து கால எடுத்தா இதே மாதிரி... இதே குரல்தான் அங்கிள். 'நிறுத்தாத. மிதி.'" அட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள், காளான்கள் என்னைப் பார்க்க.

தட்டு விற்றுத் தீர்ந்துவிட்டதாம். அடுத்த அச்சுக்கு என் சம்மதம் வேண்டும் என்று ஒரு பாரம் வந்து மேஜைமேல் கிடக்கிறது. உன் சிலுவையில் பாதியை அன்றைக்கே கிள்ளி என்னிடம் கொடுத்தாயே, அது இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. விபூதிப் புதனுக்குச் சாம்பலாக்கப் பழைய குருத்தோலை கொண்டு வாருங்கள் என்று வருடா வருடம் கோயிலில் கேட்கிறார்கள். வீட்டில் உள்ள மற்றதையெல்லாம் கொடுத்துவிடுவேன், இதை மட்டும் கொடுத்ததில்லை. இன்று காலை அதைப் பாரத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். ஆர்மோனியம், குரல் என்று எழுதி, அதற்கு நேரே உன் முழுப் பெயரையும் உன் அப்பா பெயரோடு சேர்த்து எழுதினேன். பெல்ட்டைத் தூக்க அவர் இல்லை, கையைப் பிடிக்க நீ இல்லை. என் கையெழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உன் பெயரோடு மாதிரி அட்டை வந்து ஷீலா கையில் சேரட்டும், அப்புறம் போடுகிறேன்.