வடகம் காயும் பலகை

நான் அப்போதே சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். பெரிய பலகை அலையில் மூக்கைக் குத்தும் என்றேன், குத்தியது. எனக்கு முன்னால் நீ போய்ச் சேருவாய் என்றேன், போய்விட்டாய். உன் பலகை கடைசியில் என் வீட்டுக்குத்தான் வரும் என்றேன். இதோ, என் மொட்டை மாடியில் கிடக்கிறது. அதன்மேல் வெங்காய வடகம் காய்கிறது.

வாசனை தெருக்கோடி வரைக்கும் போகிறது. "காக்கா வருது பாருங்க, வெரட்டிக்கினே எழுதுங்க" என்று கம்பைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் என் மனைவி. ஒரு கையில் பேனா, ஒரு கையில் கம்பு. கடலில் பாய் கட்டி ஓட்ட வேண்டிய உன் பலகையை வடகத் தட்டாக்கி விட்டேன். என் பழி தீர்ந்தது.

எதற்குப் பழி என்று உனக்குத் தெரியும். சப்மெரின். நான் கடலில் மூழ்கினேன் என்று கதை கட்டி, சுரங்கக் கேன்டீனில் நீ வைத்த பெயர். ஒரே வாரத்தில் மூன்று ஷிஃப்டுக்கும் பரவிவிட்டது. என் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் நம் குடியிருப்பு பிளாக்கில் வழி கேட்டபோது, "சப்மெரின் வூடுங்களா, அதோ மஞ்ச கேட்டு" என்று காட்டியிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்ட அதிகாரிகூட மைக்கில் "நம்ம சப்மெரின்" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். என் சொந்தப் பெயரைச் சீட்டைப் பார்த்துத்தான் படித்தார். மறப்பேனா?

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். குறுக்கே பேச நீ இல்லை.

மைன்ஸில் மெஷின் பூட்ட வந்த அந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் இருவரையும் ஜீப்பில் கடலூருக்கு அழைத்துப் போய், கழிமுகத்தின் அசையாத தண்ணீரில், பாய் மாட்டிய பலகைமேல் நிற்கக் கற்றுக்கொடுத்தான். என்னைப் பார்த்து, இந்தியாவிலேயே இப்படி நிற்கிற ஆள் இல்லை என்றான். அவன் பாஷையில் சொன்னான், எனக்குப் புரிந்தது. ஊருக்குத் திரும்பும்போது பலகை இரண்டையும் நம்மிடமே விட்டுவிட்டான்.

பிளாக்கின் பின்சுவரில் இரண்டையும் சாய்த்து வைத்தோம். ஒன்றில் எண்பத்திரண்டு லிட்டர் என்று போட்டிருந்தது, மற்றதில் நூற்றுப் பதினைந்து. நம் ஊரில் லிட்டர் என்றால் மைன்ஸில் மண் வெட்டும் மெஷினின் பக்கெட் அளவு. ஆயிரத்து நானூறு லிட்டர் ஓட்டுகிறவன் ராஜா, எழுநூறு ஓட்டுகிறவன் அடுத்த வரிசை. நீ ஆயிரத்து நானூறு. நான் எழுநூறு. டீக்குக் கை நீட்டும்போதே அது தெரியும், முதல் டம்ளர் உனக்கு.

பலகையைப் பொறுக்கும்போது நான் அவசரப்படவில்லை. சாண் போட்டு அளந்தேன், தட்டிப் பார்த்தேன், தலைக்குமேல் தூக்கிப் பார்த்தேன். பெரியதின் வயிறு பெஞ்சு மாதிரித் தட்டை. அடியில் ஒரே ஒரு நீளத் தகடு. சின்னதின் மூக்கும் வாலும் மேலே தூக்கியிருந்தன. ஓரம் உருண்டை, அடியில் மூன்று குட்டித் தகடு.

"இது பக்கெட் இல்ல. இந்த லிட்டரு மண்ணு அள்ளறதுக்கில்ல, ஆளை மிதக்க வைக்கிறதுக்கு. சும்மா கெடக்கற தண்ணிக்குப் பெருசு. அலையில சட்டுனு திரும்பணும், அதுக்குச் சின்னதுதான்" என்றேன்.

"எலே, எழுநூறு ஓட்டுதவன் எனக்கு லிட்டர் பாடம் எடுக்கியோ?" என்றாய். வேலைக்கு வரும்போது திருநெல்வேலியிலிருந்து பெட்டியோடு கொண்டுவந்த நக்கல் அது. பெரியதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தாய்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் அன்று அலை பனைமர உயரம். சரி, ஆள் உயரம். பெரிய பலகை அலைமேல் ஏறியது. இறங்கும்போது அந்தத் தட்டை மூக்கு தண்ணீரில் குத்தியது. பலகை, பாய், ஆள் எல்லாம் ஒன்றாகக் கவிழ்ந்தது. எழுந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த அலை. பதினோரு தடவை. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீன்காரர் ஒருவர், "யாரோ முழுவிக்கினு இருக்காரு, கயித்த எடுங்கடா" என்று கத்தினார். சின்னப் பலகையோ மூன்று அலை எடுத்தது. காலை லேசாக அழுத்தினால் போதும், அலையின் முதுகில் சறுக்கித் திரும்பியது. மூன்றாவது அலை முடிந்ததும் பண்ருட்டி பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி மணலில் கால் வைத்து இறங்கியாயிற்று.

மறுநாள் கேன்டீனில் நீ சொன்ன கதை வேறு.

அதனால்தான் உன் காரியத்துக்கு வந்தபோது நான் அழவில்லை. மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் நின்று, "இப்போ கூப்புடுய்யா பாக்கலாம்" என்று கேட்டேன். நீ கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பலகையைத் தேய்த்துக் கழுவி வடகத்துக்குக் கொடுத்தேன். அது உன் பலகை, பந்தயத்தில் உன்னிடம் ஜெயித்தது என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன்.

நேற்று உன் மனைவி வந்தது. மாடிக்கு ஏறி வந்து பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரர் காதில் விழும்படி, "அண்ணாச்சி, இது ஒங்க பலகைல்லா? அவுகளுது சின்னது, எங்க பரண்ல கெடக்கு" என்றது. என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் காக்கையை விரட்டினேன். காக்கை வரவே இல்லை.

"போறதுக்கு முந்தி சொன்னாக. அதைச் சப்மெரினுக்குக் குடுத்துரு, அலைக்கு அதாம் சரின்னு."

இன்று காலையில் அந்தச் சின்னப் பலகை ஆட்டோவில் வந்து சேர்ந்தது. சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். எண்பத்திரண்டு லிட்டர். போகிற போக்கிலும் அந்தப் பெயரை நீ விடவில்லை.

ஆகவே இந்தக் கடிதத்தில் இட்டுக்கட்டியது ஒன்றே ஒன்று. ஆயுசுக்கும் எழுநூறு ஓட்டினவன், கடலிலாவது பெரிய லிட்டர் வேண்டும் என்று அன்று அடம்பிடித்தவன் நான். சின்னதுதான் அலைக்கு என்று சொல்லிப் பார்த்துவிட்டு, "சரி, எடுத்துக்கடே" என்று விட்டுக்கொடுத்தவன் நீ. பலகை இரண்டையும் இடம் மாற்றி மறுபடி படித்துக்கொள். மற்றதெல்லாம் நிஜம். கோபம் உட்பட.