பங்களாவின் இரட்டைக் கட்டில்

1974 செப்டம்பர் 3, உடும்பஞ்சோலை

முதலாளி கோட்டயத்திலிருந்து வந்து ஒரு குதி குதித்தார். இந்த ஏலத்தோட்ட பங்களாவை வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுமுறை வாடகைக்கு விடுகிறோம் அல்லவா, போன சீசனில் ஒரு தம்பதி பாதியிலேயே கிளம்பிப் போனதற்கு நான்தான் காரணமாம். டபுள் கட்டில் கேட்டார்கள். இரண்டு ஒற்றைக் கட்டில்களை ஒட்டிப் போட்டிருந்தேன். நடுச்சந்தில் அந்த அம்மாளின் கால் மாட்டிக்கொண்டது. அவர்கள் ஊரில் டபுள் என்றால் ஒரே சட்டம், ஒரே மெத்தை, நாலரை அடி அகலமாம். அந்த அகலத்தில் நம் கூலிக்காரர் லயத்தில் ஒரு குடும்பமே படுத்துவிடும்! காவலும் சமையலும் போதாதென்று இனி கட்டிலும் என் பொறுப்பு.

செப்டம்பர் 8

கம்பத்திலிருந்து மொக்கையன் ஆசாரி ஏறி வந்தார். முதலாளி எழுதிக்கொடுத்த அளவை மனிதர் காதிலேயே வாங்கவில்லை. படுக்கிற ஆளைப் படுக்க வைத்து நூல் பிடிக்காமல் அவர் கட்டில் செய்ததே இல்லையாம். படுக்கப்போகிறவர்கள் கடல் தாண்டி இருக்கிறார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். கடைசியில் வராந்தாவில் பாய் விரித்து நானும் இன்பமேரியும் படுத்தோம். அவள் எனக்கு இடது கைப் பக்கம். ஆறு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பெண்டாட்டி அப்படிச் சிரித்தாள். இரண்டு குறைப்பிரசவத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

நூலைச் சுருட்டிக்கொண்டே ஆசாரி சொன்னார்: "இனிமே இதுல எவன் வந்து படுத்தாலும், இது ஒங்க ரெண்டு பேரு கட்டில்தான் இன்னாசி." விளையாட்டு என்று நினைத்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

செப்டம்பர் 24

கட்டில் வந்தது. பலா மரம், மஞ்சளாக மினுங்குகிறது. புது இலவம்பஞ்சு மெத்தை. தெற்கே தலை வைத்துப் போட்டோம். இன்பமேரி சுவர்ப் பக்கத்தைத் தடவி, இது என் இடம் என்றாள். வீட்டிலும் அவள் எப்போதும் சுவர்ப் பக்கம்தான்.

செப்டம்பர் 27

முதலாளி வந்து பார்த்துவிட்டு, கண் விழித்ததும் ஜன்னலில் மலை தெரிய வேண்டும் என்று கட்டிலை அப்படியே திருப்பிப் போடச் சொன்னார். இப்போது தலைமாடு வடக்கே. வடக்கே தலை வைத்து யார் படுப்பார்கள் என்று இன்பமேரி முணுமுணுத்தாள். வெளிநாட்டுக்காரனுக்கு வடக்கும் தெற்கும் ஒன்று என்று அவர் போய்விட்டார்.

அக்டோபர் 6

அறையைக் காற்றாடத் திறந்தேன். மெத்தையில் இரண்டு பள்ளம், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் படுத்து எழுந்த மாதிரி. மகாராணிக்கு இங்கேதான் பகல் தூக்கமா என்று இன்பமேரியைக் கிண்டல் செய்தேன். தான் அந்தப் பக்கமே போகவில்லை என்றாள். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. தட்டிச் சமன் செய்துவிட்டுப் பூட்டினேன்.

அக்டோபர் 7

மறுபடியும். இரண்டு.

அக்டோபர் 19

இன்றைக்கு ஒன்றுதான். கதவுப் பக்கம் மட்டும். சுவர்ப் பக்கம் மெத்தை ஆணி அடித்த பலகை மாதிரி மட்டமாக இருக்கிறது.

சுவர்ப் பக்கம் அவ இடமாச்சே — மாதாவே, பிரசவத்துல அவளையே கேக்குறியா?

அக்டோபர் 20

ஒன்றுதான்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். கோயிலுக்குப் போகாமல், இன்பமேரியைக் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் இறக்கி ஆஸ்பத்திரியில் காட்டினேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர் அம்மா. குழந்தையை விடுங்கள், தாய் எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்டேன், எரிந்து விழுந்தார். நான் ஒரு குடம் தண்ணீர்கூட அவளைத் தூக்க விடுவதில்லை. அவளோ என்னைக் கூரை ஓடு மாற்ற ஏற விடுவதில்லை. அடுப்படியில் தனியாக அழுகிறாள். கேட்டால் புகை என்கிறாள். அடுப்பு எரியவே இல்லை.

நவம்பர் 17

காலையில் சாவியைக் காணோம். பங்களாவுக்கு ஓடினேன். அறை திறந்து கிடந்தது. இன்பமேரி அந்தக் கட்டிலில், சுவர்ப் பக்கம், இரண்டு கையாலும் மெத்தையை அமுக்கிக்கொண்டு படுத்திருந்தாள்.

"பள்ளம் விழுந்துட்டா சரியாப் போயிரும்னு பாத்தேங்க. நீங்க அசந்ததும் சாவிய எடுத்துட்டு தெனமும் வந்து படுக்கேன். எந்திரிச்சா மெத்த மட்டமாயிருது."

ஆக, அவளுக்கும் தெரியும். என்னிடம் மறைத்திருக்கிறாள், நான் அவளிடம் மறைத்தது போலவே. உனக்கு ஒன்றும் ஆகாது, நான் விடமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"எனக்கா? தலைமாட்டத் திருப்பிப் போட்டாகல்ல. சொவத்துப் பக்கம் இப்ப ஒங்களதுங்க."

நின்றபடியே யோசித்தேன். வடக்கே தலை. ஆசாரி நூல் பிடித்தபடி என் இடது கைப் பக்கம் அவள் — இப்போது அது கதவுப் பக்கம். ஆமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போகப்போவது அவள் இல்லை! இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. பயமில்லையா? இருக்கு. ஆனா அவ இல்ல. அவ பிழைச்சுக்குவா.

நவம்பர் 18

நேற்று இருவருமாகக் கட்டிலை மறுபடி தெற்கே திருப்பினோம். இன்று காலை பள்ளம் சுவர்ப் பக்கம். கதவுப் பக்கம், இப்போது என் பக்கம், மட்டம்.

டிசம்பர் 11, கம்பம்

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். என் அம்மாவின் மூக்கு.

ஆஸ்பத்திரிக் கட்டில் ஒற்றை ஆளுக்கே போதாது. கால்மாட்டில் ஓரமாகக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனசு நிறைந்து இருந்தது. மருந்துச் சீட்டு வாங்க நர்ஸ் கூப்பிட்டாள். குழந்தையை இன்பமேரியிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். அவள் நான் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்தாள். நானும் பார்த்தேன். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அவள் போர்வையை மெல்ல இழுத்து அந்த இடத்தை மூடினாள். நான் எதையும் பார்க்காதவன் போல, குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன்.