முடிச்சு எந்தப் பக்கம்

துபாய், 28 ஏப்ரல் 2024

அன்புள்ள உங்களுக்கு,

போனில் பேசினால் பத்தாவது நிமிஷம் சண்டை. அதனால் மெயிலில்தான் எழுதுவது என்ற நம் ஒப்பந்தத்தை மீறவில்லை, பாருங்கள். மஹதி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு கூத்து. எங்கள் கம்பெனி ஜெர்மன்காரர்கள் சேர்ந்து தங்கள் ஊர் கிராமிய நடனக் குழு ஒன்று வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அல் கூஸில் ஒரு குடோனில் ஒத்திகை. நடுவில் மணல் நிரப்பிய டிரம்மில் கம்பம். உச்சியிலிருந்து எட்டு ரிப்பன். எட்டுப் பேர் எதிரும் புதிருமாகச் சுற்றிப் பின்ன வேண்டும். ஒரு ஆள் குறைகிறது என்று என்னை இழுத்தார்கள். அட, நான் கோயமுத்தூர் ஸ்கூலில் ஆடிய பின்னல் கோலாட்டமேதான்! அவர்கள் சிக்கிக்கொண்டதை நான் பிரித்து விட்டேன். கைதட்டினார்கள். பின்னல் முடிந்து ஜோடி ஆட்டம் வந்தால், ஆண்கள் குனிந்து அனுமதி கேட்டுத்தான் கையைப் பிடிக்கிறார்கள், அப்படி ஒரு மரியாதை.

பஹ்ரைன் கிளைக்கு மாற்றல் பற்றி மே 15க்குள் பதில் சொல்ல வேண்டும். வந்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் ஜலஜா


ஈசா டவுன், பஹ்ரைன், 1 மே 2024

அன்புள்ள ஜலஜா,

மஹதி நலம். சாப்பாட்டில் குறையில்லை, பக்கத்து வீட்டுக் கனகாவிடமிருந்து குழம்பு வருகிறது.

நம் கல்யாணத்தில் எல்லோரும் ஆடியபோது கைகூடத் தட்டாமல் உட்கார்ந்திருந்தவள் நீ. இப்போது குடோனில் ஆட்டம். குனிந்து அனுமதி கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நான் என்றைக்கு உன்னிடம் குனிந்து கேட்டேன் என்று குத்திக் காட்டுகிறாயா? உன் கையைப் பிடிப்பது யார்? பெயர் சொல்லவில்லையே.

எனக்கு எரிகிறது, மறைக்கவில்லை. மாற்றலுக்கு உடனே எழுதிக் கொடு.

கோபாலசாமி


துபாய், 5 மே 2024

அன்புள்ள உங்களுக்கு,

பெயர் டீட்டர். முப்பத்தாறு வயது. ஆள் அழகுதான், அதை ஏன் மறைக்க வேண்டும்? இடது காலை எப்போதும் தப்பாக வைப்பான். என் புறங்காலில் இரண்டு காயம். போதுமா?

எட்டுச் சுற்றுக்கு ஒருதரம் ஜோடி மாறும். எழுபது வயது ரெனாட்டே அம்மாவின் கணவரும் என் கையைப் பிடிக்கிறார். அவருக்கும் எரியுங்கள்.

நேற்று உடை கொடுத்தார்கள். நீளப் பாவாடை, மேலே ஏப்ரன், இடுப்பில் நாடா முடிச்சு. செல்ஃபி எடுத்து அனுப்பியிருக்கிறேன். மஹதியிடம் காட்டுங்கள். எப்படியிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள் ஜலஜா


ஈசா டவுன், 9 மே 2024

ஜலஜா,

படத்தைப் பார்த்தேன். எங்கள் ஆபீசுக்கு ஆடிட்டுக்கு வந்த ஜெர்மன்காரரிடமும் காட்டினேன். அந்த ஏப்ரன் முடிச்சில் ஒரு வழக்கம் உண்டாம். கல்யாணமானவள் வலது பக்கம் முடிய வேண்டும். ஆகாதவள் இடது பக்கம்.

உன் முடிச்சு இடது பக்கம் இருக்கிறது. எதிரில் நிற்பதால் இடம் வலம் மாறும் என்று கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன். மூன்று முறை பார்த்தேன். பதினான்கு வருஷத்தை ஒரு முடிச்சில் இல்லையென்று ஆக்கிவிட்டாய். டீட்டருக்கு அந்த வழக்கம் தெரியாமலா இருக்கும்?

கோபாலசாமி


துபாய், 10 மே 2024

அன்புள்ள உங்களுக்கு,

அந்த வழக்கத்தை ரெனாட்டே அம்மா முதலிலேயே சொன்னார். வலது பக்கம்தான் வேண்டும் என்று கேட்டு முடிந்துகொண்டேன். என் போன் செல்ஃபியைக் கண்ணாடி மாதிரி இடம் வலம் திருப்பித்தான் பதியும். அவ்வளவுதான்.

ஆனால் முடிச்சு மட்டுமா இடது பக்கம் இருந்தது? என் மூக்குத்தியும் அந்தப் படத்தில் இடது பக்கம்தான் இருந்தது. மூன்று முறை பார்த்தீர்களே, என் முகத்தை ஒருமுறை பார்த்தீர்களா? முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்கத் தோன்றியது, என்னிடம் கேட்கத் தோன்றவில்லை.

மாற்றல் வேண்டும் என்று எழுதி வைத்திருந்ததைக் கிழித்துப் போட்டேன். இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கலாஸ், முடிந்தது. லீவுக்கு மஹதியை அனுப்பி வையுங்கள்.

ஜலஜா


ஈசா டவுன், 12 மே 2024

அன்புள்ள ஜலஜா,

உன் மெயிலைப் படித்ததும் படத்தை எடுக்கவில்லை. உன் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த மஹதியிடம் கேட்டேன். "ரைட் சைட்ப்பா. யூ டோன்ட் நோ?" என்று தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள்.

டீட்டர்மேல் பொறாமை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் இல்லை. அந்தப் படத்தில் நீ சிரிக்கிற மாதிரி இந்த வீட்டில் சிரித்ததில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வருஷம் இருந்துவிட்டு வா. நீ கேட்ட வார்த்தையை இப்போது சொல்கிறேன்: நன்றாக இருக்கிறாய்.

மஹதியை நானே கூட்டி வருகிறேன். உன் ரூமுக்கு வரச் சொன்னால் வருகிறேன். இல்லையென்றால் ஏர்போர்ட்டில் அவளை உன்னிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த ஃபிளைட்டில் திரும்பிவிடுகிறேன். எது என்று மட்டும் எழுது.

கோபாலசாமி