காத்துவைத்த நாற்காலி

ஜனவரி 9, செவ்வாய். மாநிலத் தலைநகர் அகஸ்டா.
சட்டசபை கூடிற்று. நண்பன் ஃபெர்னாண்டின் நாற்காலியில் எனக்கு இது இரண்டாம் ஆண்டு. ஈராண்டுத் தவணைகள் நான்கு தொடர்ந்து உறுப்பினராக இருந்தவர் ஒரு தவணையேனும் விலகியிருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அந்த ஈராண்டும் இடத்தைக் காத்துத் திருப்பித் தருவதாகக் கோவிலில், சிலுவையின் மேல் கைவைத்து அவனுக்கு வாக்களித்தேன். "நீ மட்டுந்தான் திருப்பிக் குடுப்பே, ஓனேசிம். மத்தவனெல்லாம் பசை போட்டு ஒட்டிக்குவான்" என்றான் அன்று.

ஜனவரி 17, புதன்.
மாலையில் வழக்கம்போல் ஃபெர்னாண்ட் தொலைபேசியில் அழைத்தான். "ஆம்புலன்ஸ் மசோதா நாளைக்குத்தானே? பச்சைப் பொத்தானை அழுத்துடா, தூங்கிடாதே."
அது அவன் கொண்டுவந்த மசோதா. ஆறாண்டுகளுக்கு முன்பே நிறைவேறிவிட்டது. கேலி செய்கிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஜனவரி 18.
மீண்டும் அதே கேள்வி.

பிப்ரவரி 18, ஞாயிறு. ஊர்.
திருப்பலி முடிந்து அவர்கள் வீட்டில் உணவு. தட்டிலிருந்த ஒரே அப்பத்துக்கு ஃபெர்னாண்ட் மூன்று முறை வெண்ணெய் தடவினான். அவன் உள்ளே போனதும் அவன் மனைவி கிளோதில்ட், ஊரார் கையெழுத்திட வேண்டிய அவனுடைய வேட்புமனுத் தாளை என் முன் வைத்தாள்.
"முதல் கையெழுத்து நீங்க போடுங்கண்ணே. அப்பத்தான் ஊர் போடும்."
"அவனுக்கு..."
"பொண்டாட்டி எனக்குத் தெரியாதா? காலையில எந்திரிச்சுச் சவரம் பண்றதே இதை நம்பித்தான். இதையும் பிடுங்கிட்டா என்ன மிஞ்சும்?"
பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

பிப்ரவரி 20.
ஆணையிட்டது தனக்கே நட்டமாயினும் பிறழாதவனை வேதம் புகழ்கிறது. ஆனால் இங்கே நட்டம் எனக்கன்று. இப்பள்ளத்தாக்கின் ஒன்பதாயிரம் பேருக்கு - இல்லை, மெய்யை எழுது. அந்த நாற்காலி எனக்குப் பிடித்துப்போயிற்று. சபாநாயகர் என்னைப் பேச அழைக்கையில் முதுகு நிமிர்கிறதே, அது யார் பொருட்டு? என்னைத் தடுப்பது நேர்மையா, இச்சையா? ஆண்டவரே, எனக்கே தெரியலையே.

மார்ச் 3, ஞாயிறு.
ஃபெர்னாண்டிடம் சொல்லிவிட்டேன். கையெழுத்திட மாட்டேன், நானும் நிற்க மாட்டேன்.
"ருசி கண்டுட்டேல்ல?" என்றான்.
"நான் நிக்கலைன்னுதானே சொல்றேன்."
"சிலுவை மேல கை வச்சவன்டா நீ! போடா வெளியே."
என் கோட்டை எடுத்துக் கொடுத்த கிளோதில்ட் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி.
மனுவுக்குக் கடைசி நாள். கிளோதில்ட் ஏழு வீடுகள் ஏறினாளாம். எல்லாரும் "ஓனேசிம் போட்டாரா?" என்றே கேட்டார்களாம். ஏழாவது வீட்டோடு திரும்பிவிட்டாள். பக்கத்து ஊர் டிராக்டர் வியாபாரி மட்டும் மனுக் கொடுத்திருக்கிறார்.

ஜூன்.
கோவிலில் அவர்கள் இருக்கை காலி. இது எத்தனையாவது ஞாயிறு?

டிசம்பர் 4, புதன்.
இன்று டிராக்டர் வியாபாரி பதவியேற்றார். மாலையில் தொலைபேசி ஒலித்தது. ஒன்பது மாதங்களுக்குப் பிறகு அவன் குரல். கோபம் துளியும் இல்லை, அதையும் மறந்திருக்கிறான்.
"டேய் ஓனே, ஆம்புலன்ஸ் மசோதா என்னாச்சு?"
"நிறைவேறிடுச்சு, ஃபெர்னாண்ட்."
"எத்தனைக்கு எத்தனை?"
ஜனவரியிலேயே சபைப் பதிவேட்டில் பார்த்து வைத்திருந்தேன். "நூத்திப் பதினெட்டுக்கு இருபத்தாறு."
"அப்படிப் போடு! என் நாற்காலி பத்திரமா இருக்கா?"
கிளோதில்ட் தொலைபேசியை வாங்கினாள்.
"நாளைக்கும் இதே நேரத்துக்குக் கேப்பார். எடுங்கண்ணே."