ஈரோட்டுக் கேமரா மறுபடி முழிச்சிருச்சு

என் நாகமணிக் கண்ணு,

ஒரே பள்ளிக்கூடத்துல அறிவியல் நடத்தி ஓய்வானதும், எரிகல் விழறதைப் படம் பிடிக்க ஆளுக்கொரு கேமராவை மொட்டை மாடியில மாட்டினோமே, பெரியநாயக்கன்பாளையத்துல நான், ஈரோட்டுல நீ. நீ போன அன்னைக்கு உன் கேமராவும் நின்னுபோச்சு. அதுக்கும் துக்கம்னு நினைச்சு அழுதேன். பதினாறாம் நாள் விசாரிச்சா, கேதத்துக்கு வந்தவங்க செல்போனுக்குச் சார்ஜ் போட பிளக்கைப் பிடுங்கியிருக்காங்க.

"திரும்ப மாட்டிப்போடுங்கண்ணா"ன்னு உன் ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னேன்.

"அவளே போயிட்டா. வானத்தைப் படம் புடிச்சு இனி ஆருக்கு என்ன ஆகோணுங்க அம்மணி?"

ரெண்டு ஊர்லயும் ஒரே எரிகல் பதிவானாத்தான் அது எவ்வளவு உசரத்துல, எந்தப் பக்கமாப் போச்சுன்னு கணக்குப் போடலாம், ஈரோடு இல்லாம நான் ஒத்தைக் கண்ணின்னு எடுத்துச் சொன்னேன். மாட்டிட்டார்.

மூணு நாள் உன் கேமராவுல இருந்து எனக்கு வந்த படமெல்லாம் வெறும் இருட்டு. "மழை வந்துதுங்க, நனையப்படாதுன்னு அன்னக்கூடையக் கவுத்துப்போட்டேன்"ங்கிறார். மழைக்குன்னுதானே நீ கண்ணாடி மூடி போட்டு வெச்சே?

அன்னக்கூடையை எடுத்ததும் மனுசருக்கு ஆர்வம் வந்திருச்சு. தினமும் காப்பிக்கு முந்தி போன். "நேத்து எங்கூர்ல பதினொண்ணுங்க. உங்கூர்ல?" எனக்கு ஒண்ணுகூட இல்லை. உன் கேமராப் படத்தைப் பாத்தா, பதினொண்ணும் ஒரே விட்டில்பூச்சி. பொறுத்துப் பொறுத்து ஒருநாள் சொல்லிட்டேன். ரெண்டு நாளா போனே வரலை. உன்னைப் பறிகொடுத்தவர்கிட்டப் போய்ப் பூச்சிக் கணக்குப் பேசியிருக்கக் கூடாதோ? நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?

மூணாம் நாள் காலையில பாக்கறேன், என் கேமராவுல பச்சையா ஒரு கீத்து. அதே நொடியில உன்னுதிலயும். நானே கூப்பிட்டேன்.

"இது பூச்சி இல்லீங்களே?"

"இல்லீங்கண்ணா. நெசமான எரிகல்."

"அப்ப இது உங்களுதுங்களா, எங்களுதுங்களா?"

"ரெண்டு பேர்த்துதுந்தானுங்க."

அப்புறம் மெதுவா, "அவகிட்டச் சொல்லிப்போடுங்க அம்மணி. எனக்கு எழுத வராது"ன்னார்.

அதான் எழுதறேன். அம்மாடி, எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா?

உன் கேமராவை இனி நிக்க விடமாட்டேன், இது சத்தியம். வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட ஈரோட்டுக்குப் போறேன். கண்ணாடியைத் துடைக்கோணும். அண்ணன் தானே வெச்ச ரசத்தைக் குடிச்சுட்டுத்தான் போகோணும்னு வேற சொல்லியிருக்கார். அதையும் குடிச்சுட்டு வர்றேன், உனக்காக.

கூடப் பொறக்காட்டியும் உன் சகோதரி,
ஸ்டெல்லா